முகவரி இழந்த நூல்கள்

ஒரு நூலுக்கு ஆசிரியர் ஒருவர், பதிப்பாளர் மற்றொருவர் என்பது நெடுங்காலமாக நாம் அறிந்த நடைமுறை. எழுதுகின்றவர் எழுதுவார், அச்சிட்டு, அட்டையிட்டு, விலை வைத்து, கடைக்கு அனுப்பும் பொறுப்பைப் பதிப்பாளர் ஏற்பார். இவ்விரு பொறுப்புகளையும் ஒருவரே சுமக்கும்போது அவரைத் தம் நூலைத் தாமே பதிப்பிப்பவர் என்கின்றோம். மலேசியத் தமிழ் எழுத்துலகிற்கு இது புதியதன்று. நம் நாட்டுத் தமிழ் நூல்கள் பல, எழுதியவருடைய சொந்தச் சேமிப்பில் அச்சேறியவையே. ஆயினும், கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இணையத்தளம் ஒன்றின் வழியாகத் தாமே பதிப்பித்துக்கொள்ளும் முறை மேலை நாடுகளில் பெருகி வந்திருக்கின்றது. அம்முறை இன்று நம்மையும் எட்டிவிட்டது. அதனை நாடியோர் அடைந்த இன்னல் ஒன்றினைத் திறனாய்வு நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வின்னல் யாதெனின், அவர்கள் நம்பியிருந்த தளம் ஒருநாள் மேம்படுத்தப்பட்டுவிட்டது என்பதுதான்!

மேம்படுத்தினால் நன்மையன்றோ விளையவேண்டும், இன்னல் எங்ஙனம் வந்தது என்று மாணவர் வினவக்கூடும். வினா முறையானதே. விடை காண்பதற்கு முன், இத்தளங்கள் செய்யும் தொழிலைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று.

வழக்கமான அச்சுமுறையில் ஐந்நூறு படிகளோ ஆயிரம் படிகளோ ஒரே நேரத்தில் அச்சிடப்படும். விற்றாலும் விற்காவிட்டாலும் அச்சகத்தாருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். வெளியீட்டு விழா முடிந்த மறுநாள் எஞ்சிய கட்டுகள் எழுத்தாளர் வீட்டு மாடிப்படியின் கீழ் வந்து சேரும். கரையானுக்கும் அவற்றுக்கும் உள்ள உறவை நம் எழுத்தாளர் பலர் நன்கறிவர். இணையவழிப் பதிப்பு முறையில் இந்தத் தொல்லை இல்லை. நூலின் உள்பக்கங்களையும் அட்டையையும் கணினிக் கோப்பாக்கித் தளத்தில் ஏற்றிவிட்டால் போதும். வாசகர் ஒருவர் பணம் செலுத்தி ஒரு படி கேட்கும்போது, அந்த ஒரு படி அச்சிடப்பட்டு அவர் முகவரிக்கு அஞ்சலில் செல்லும். அச்சுச் செலவும் தளத்தாரின் பங்கும் போக எஞ்சியது ஆசிரியருக்கு உரியது. கேட்டபோது அச்சிடல் என்று இதனைக் கூறலாம். கையில் முதலில்லாத எழுத்தாளனுக்கு இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று லூலு என்னும் அமெரிக்க நிறுவனம். வட கரோலினா மாநிலத்தில் 2002-ஆம் ஆண்டில் பாப் யங் என்பவரால் தொடங்கப்பெற்றது. இவர், ரெட் ஹேட் எனும் கணினி மென்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பயன்படுத்துவோர் சிறைப்பட்டுவிடக் கூடாது. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கையின் மீது எழுந்தது ரெட் ஹேட். இக்குறிப்பைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும். லூலுவின் வழியாகக் கவிதை நூலும், குடும்ப வரலாறும், சமையற் குறிப்பும், பாடநூலும், பெரும் பதிப்பகங்கள் ஏறெடுத்தும் பாராத சிறுதுறை நூல்களும் உலகெங்கும் அச்சேறின.

2020-ஆம் ஆண்டில் இந்நிறுவனம் தன் பழைய தளத்தை நீக்கிவிட்டுப் புதிய தளத்தை நிறுவியது. அடுத்த சில வாரங்களில் ஆசிரியர்களின் குறைகள் வெளிப்படையாகவே எழுந்தன. நூற்பக்கங்களின் பழைய இணைய முகவரிகள் வேலை செய்யவில்லை என்றனர் சிலர். தம் நூல்கள் அனைத்தையும் ஒருசேரக் காட்டிய கடைப்பக்கம் காணப்படவில்லை என்றனர் வேறு சிலர். சில நூல்கள் விற்பனையிலிருந்தே மறைந்தன என்றும், திருத்தம் செய்யப் புகுந்தால் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கின்றது என்றும் புலம்பினோரும் உண்டு.

இத்தகைய குறைகூறல்களை ஓர் இலக்கியத்தைப் படிப்பது போலப் பொறுமையுடன் படித்துப் பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. அவற்றுள் பதரும் உண்டு, மணியும் உண்டு. பொத்தான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்குப் போய்விட்டது, நிறம் கண்ணை உறுத்துகின்றது, பழைய பக்கமே அழகாக இருந்தது என்பன போன்றவை பழக்கத்தின் குரல்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பறையை மாற்றினாலும் இரண்டு வாரத்திற்கு இப்படித்தான் பேசுவார்கள், பின்னர் அடங்கிவிடும். அவற்றைப் பெரிதுபடுத்துதல் வேண்டா. ஆனால் நிறுவனங்கள் செய்கின்ற தவறு என்னவெனில், எல்லாக் குறைகளையும் இந்த ஒரே கூடையில் போட்டுவிடுவதுதான். மாற்றத்தை விரும்பாதவர்கள் எப்போதும் இப்படித்தான் கூறுவர், நாளடைவில் பழகிவிடுவர் என்று அமைதி கொள்கின்றனர். இங்கேதான் நாம் உடன்படுவதற்கில்லை. முகவரி போயிற்று என்று ஒருவர் சொல்லும்போது அது பழக்கத்தின் குரலன்று. அது பதிப்பாளர் ஒருவரின் குரல்.

சற்று விளக்கமாகக் காண்போம். தாமே பதிப்பிக்கும் ஆசிரியருக்கு விற்பனையாளர் இல்லை; விளம்பரத்துறை இல்லை; நூலை ஊர்தோறும் எடுத்துச் செல்லும் முகவர் இல்லை. அவருக்கிருப்பது ஒன்றே, தம் நூலின் பக்கத்திற்குரிய இணைய முகவரி. அதனைத் தம் வலைப்பூவில் எழுதியிருப்பார், நண்பர்களுக்கு அனுப்பியிருப்பார், பேசச் சென்ற இடத்தில் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருப்பார், முன்னர் எழுதிய நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டும் இருப்பார். பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த விற்பனை வழி அது. ஒரே இரவில் அந்த முகவரி செத்துவிட்டால், அச்சிட்ட தாளை அவர் எங்ஙனம் திருத்துவார்? பிறர் எழுதிய மதிப்புரையின் அடியில் இருக்கும் இணைப்பை அவர் கை எட்டுமா? நூல் அழியவில்லை என்பது உண்மைதான். அது தளத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றது. ஆனால் தேடி வருவோர் எவருக்கும் வழி தெரியாத நூல், இருந்தும் இல்லாத நூலே.

இது தவிர்க்க முடியாத விபத்தா என்றால், அன்று. பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு நிலையாக அனுப்பிவிடும்படி தளத்தின் கணினிக்குக் கட்டளையிட இயலும். இணையத்தின் தொடக்க நாள்களிலிருந்தே இந்த வசதி உண்டு. வீடு மாறிச் செல்பவருக்கு வரும் கடிதத்தை அஞ்சலகம் புதிய வீட்டிற்குத் திருப்பி அனுப்புவதை ஒத்தது இது. உலகளாவிய வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ் லீ 1998-ஆம் ஆண்டிலேயே இதுபற்றிச் சிறு கட்டுரையொன்று எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே மாற்றுகின்றனர் என்பதும், நன்கு சிந்தித்து அமைக்கப்பட்ட முகவரியை மாற்றவேண்டிய தேவையே எழாது என்பதும் அவர் வாதத்தின் சாரம். எனவே, அறியாமையைக் காரணம் காட்ட இடமில்லை.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு, பால்மரங்கள் வெட்டப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, பல பள்ளிகள் இடம் மாறி நகர்ப்புறத்தில் எழுந்துள்ளன. சுற்றிலும் ஒரு ரப்பர் மரம் கூட இல்லாத அப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்றும் அந்தத் தோட்டத்தின் பெயரே நிற்கின்றது. முன்னாள் மாணவர் ஒருவர் முப்பதாண்டு கழித்துத் தேடி வந்தாலும் பெயரைச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுகின்றார். இடம் மாறலாம், பெயர் மாறலாகாது என்பதைக் கணினிப் பொறியாளருக்கு முன்பே நம் பள்ளி வாரியத்தினர் அறிந்திருந்தனர் போலும்!

லூலுவின் மாற்றம் அரைகுறையாகச் செய்யப்பட்ட மாற்றத்திற்கு எடுத்துக்காட்டு என்றால், செவ்வையாகச் செய்யப்பட்ட மாற்றமும் ஆசிரியரை எவ்வாறு தாக்கும் என்பதற்குக் கிரியேட்ஸ்பேஸின் வரலாறு சான்றாகும். 2005-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் புக்சர்ஜ், கஸ்டம்ஃபிளிக்ஸ் என்னும் இரு நிறுவனங்களை வாங்கிற்று. அவை 2009-இல் கிரியேட்ஸ்பேஸ் என்னும் ஒரே பெயரின் கீழ் இணைந்தன. தாமே பதிப்பிப்போரில் எண்ணற்றோருக்கு அதுவே அச்சகமாகவும் கடையாகவும் விளங்கியது. ஒவ்வொரு நூலுக்கும் தனிக் கடைப்பக்கம் ஒன்றை அது அளித்திருந்தது. அந்தத் தனிக்கடை 2017 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. 2018 ஆகஸ்டில், கிரியேட்ஸ்பேஸ் முழுவதும் கிண்டில் நேரடிப் பதிப்பகத்துடன் இணைக்கப்படும் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. ஓரிரு சொடுக்குகளில் தம் நூல்களை ஆசிரியர்கள் புதிய தளத்திற்குக் கொண்டு செல்லலாம் என்றனர். நூல்களும் அமேசான் கடையில் தொடர்ந்து விற்பனையில் இருந்தன. ஆகவே இதனைக் குளறுபடி என்று கூறுதல் நேர்மையாகாது.

அவ்வாறாயின் குறை எங்கே? கணக்கில் இருக்கின்றது. இருநூறு பக்கங்கள் கொண்ட கறுப்பு வெள்ளை நூலொன்றை எடுத்துக்கொள்வோம். விலை 10 அமெரிக்க டாலர். அச்சுச் செலவு, படி ஒன்றுக்கு 85 காசு, பக்கம் ஒன்றுக்கு 1.2 காசு என்னும் அன்றைய கணக்குப்படி, 3 டாலர் 25 காசு ஆகும். தனிக்கடையில் விற்றால் தளத்தார் விலையில் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்வர். அமேசான் கடையில் விற்றால் நூற்றுக்கு 40 எடுத்துக்கொள்வர். அஃதாவது, முன்னதில் ஆசிரியருக்குக் கிட்டுவது 4 டாலர் 75 காசு. பின்னதில் 2 டாலர் 75 காசு. தம் முயற்சியால் தாமே தேடிப் பிடித்த வாசகரைத் தம் தனிக்கடைக்கு அனுப்பிவந்த ஆசிரியருக்கு, ஒவ்வொரு படியிலும் 2 டாலர் குறைந்துபோயிற்று. பணம் கைக்கு வரும் காலமும் நீண்டது. முன்பு மாத இறுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது நாளில் வந்த தொகை, புதிய ஏற்பாட்டில் அறுபது நாளானது. நூறு படி விற்கும் எழுத்தாளனுக்கு இருநூறு டாலர் என்பது அடுத்த நூலின் அட்டைப்பட ஓவியருக்குக் கொடுக்கும் கூலி. இதனை எந்தப் பொத்தானின் இடமாற்றத்தோடும் ஒப்பிட முடியாது.

நான் ஆராயப் புகுந்த பொருளின் உயிர்நிலை இதனினும் ஆழத்தில் இருக்கின்றது. அது நூலின் எண்ணைப் பற்றியது.

ஐ.எஸ்.பி.என். எனப்படும் பன்னாட்டுத் தர நூல் எண்ணைப் பெரும்பாலான நூல்களின் பின்னட்டையில் காண்கின்றோம். 2007-ஆம் ஆண்டு முதல் இது பதின்மூன்று இலக்கங்களைக் கொண்டது. அது வெறும் வரிசை எண்ணன்று. முதற்பகுதி நூல் என்பதைக் குறிக்கும். அடுத்தது நாட்டையோ மொழிப் பரப்பையோ குறிக்கும். அதனை அடுத்து வருவது பதிப்பாளரைக் குறிக்கும். பின்னர் நூலின் எண். இறுதியில் சரிபார்க்கும் இலக்கம். எனவே ஒரு நூலின் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர், அந்நூலின் பதிப்பாளர் யார் என்பதையும் படித்துவிடுகின்றார். எண் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே உலகின் பார்வையில் பதிப்பாளர்.

அமெரிக்காவில் இந்த எண்ணை விலைகொடுத்து வாங்கவேண்டும். ஒற்றை எண்ணுக்கு நூறு டாலருக்கு மேல் கேட்கின்றனர். ஆதலால், தளத்தார் இலவசமாகத் தரும் எண்ணை ஆசிரியர்கள் நன்றியுடன் ஏற்றுக்கொள்வது இயல்பே. அந்த இலவசத்தின் விலை பின்னர்த்தான் தெரிகின்றது. கிரியேட்ஸ்பேஸ் தந்த எண்ணைப் பெற்ற நூலில், பதிப்பாளர் என்னும் இடத்தில் ஆசிரியரின் பெயர் இராது. கிரியேட்ஸ்பேஸின் பெயரே இருக்கும். அந்த நிறுவனப் பெயர் வழக்கொழிந்த பின்னும் அவ்வாறு பதிவான நூல்கள் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. லூலு இலவசமாகத் தரும் எண்ணிலும் பதிப்பாளர் லூலுவே. இன்னொரு தளத்திற்கோ அச்சகத்திற்கோ நூலை எடுத்துச் செல்ல விரும்பினால் அந்த எண்ணை உடன் எடுத்துச் செல்ல இயலாது. புதிய எண் வாங்கவேண்டும். புதிய எண் என்றால் நூலகங்களின் கணக்கில் அது வேறொரு பதிப்பு. பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்த நூலகரும் கடைக்காரரும் அந்த எண்ணைத் தேடி ஏமாறுவர்.

தாமே பதிப்பிப்பவர் என்று தம்மை எண்ணியிருந்தவர், பதிவேட்டின்படி பதிப்பாளரே அல்லர்! இங்கேதான் அவர்களது சினத்தின் வேர் இருக்கின்றது எனலாம். தளம் மாறியபோது அவர்கள் வருந்தியது வசதிக் குறைவுக்காக மட்டுமன்று. தாம் உரிமையாளர் என்று கருதியிருந்த வீட்டில், உண்மையில் தாம் குடியிருப்பவர்தாம் என்பதை வீட்டுக்காரர் சுவரை இடிக்கத் தொடங்கிய பிறகே கண்டனர். ரெட் ஹேட்டின் கொள்கையை மேலே குறிப்பிட்டோம். பயன்படுத்துவோர் ஒரே நிறுவனத்திடம் சிறைப்படலாகாது என்று கூறிய மரபில் வந்தவர் தொடங்கிய தளத்திலேயே இந்நிலை நேர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

சொற்களையும் சிறிது நோக்குவோம். மொழியாசிரியர்களாகிய நமக்கு அது கடமையும் ஆகும். இத்தளங்களில் நூல் என்ற சொல் அருகி வருகின்றது. ஆசிரியர் உருவாக்குவது 'திட்டம்' எனப்படுகின்றது, அதனுள் இருப்பது 'உள்ளடக்கம்', ஆசிரியர் 'பயனர்'. நாமும் இவற்றை அப்படியே தமிழாக்கிப் பெருமையுடன் வழங்கி வருகின்றோம். திட்டம் என்றால் அதனை முடிக்கலாம், கைவிடலாம், அடுத்த கட்டத்திற்கு மாற்றலாம். நூல் என்றால் அவ்வாறு செய்யத் துணிவு வருமா? பயனர் என்பவர் பிறர் அமைத்ததைப் பயன்படுத்துகின்றவர். ஆசிரியர் என்பவரோ ஆக்கியவர். ஆக்கியவரைப் பயன்படுத்துகின்றவர் என்று அழைக்கத் தொடங்கிய அன்றே உறவு தலைகீழாகிவிட்டது. மேம்பாடு என்னும் சொல்லும் அத்தகையதே. மேம்பட்டது யார், எதில் மேம்பட்டது என்னும் வினாக்களை அச்சொல் விழுங்கிவிடுகின்றது. தளத்தைப் பேணும் பொறியாளருக்குப் பணி எளிதானதும் மேம்பாடுதான். வாங்குவோர் கைப்பேசியில் விரைவாகப் பணம் செலுத்த முடிவதும் மேம்பாடுதான். ஆசிரியர் பத்தாண்டு முகவரியை இழந்தது அக்கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

நிறுவனத்தார் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரலின் மேல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் எல்லாமே கவிழ்ந்துவிடும். பணப் பரிமாற்றம் நடைபெறும் தளத்தில் பாதுகாப்புக் குறைவு பேராபத்து. பழைய தளத்தை நீக்கத்தான் வேண்டும். மேலும், முன்பணம் ஏதுமின்றி நூலை அச்சிட்டுத் தரும் ஒருவரிடம் எல்லையில்லாத பொறுப்பை எதிர்பார்த்தல் முறையோ? இவ்வினாவைச் சிலர் எழுப்புகின்றனர். முன்பணம் வாங்கவில்லையே ஒழிய, விற்ற ஒவ்வொரு படியிலும் பங்கு வாங்கியிருக்கின்றனர் என்பதே இதற்கு விடை. பங்கு பெற்றவருக்குக் கணக்கும் முகவரியும் காக்கும் கடமை உண்டு. பழைய தளத்தையும் புதிய தளத்தையும் சில திங்கள் அருகருகே இயங்கச் செய்திருக்கலாம். ஆசிரியர் தம் கோப்புகளையும் விற்பனைக் கணக்கையும் எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன்பின் பழையதை மூடியிருக்கலாம். ஆசிரியர்களாகிய நாமும் இதில் பட்டறிவில்லாதவர்களல்லோம். ஆண்டுக்கணக்கில் இணைய வகுப்பறை ஒன்றில் ஏற்றிவைத்த பாடங்களை, ஏற்பாடு மாறியதும் வேறொன்றில் மீண்டும் ஏற்றுமாறு பணிக்கப்பட்ட நாள்களை எவரும் மறந்திருக்கமாட்டார்.

இவையெல்லாம் அமெரிக்க ஆசிரியர்களின் துன்பம். நமக்கென்ன என்று வாளாவிருப்பதற்கில்லை. அமேசானின் கிண்டில் மின்னூல் வரிசையில் 2016 டிசம்பரில் தமிழும் இடம்பெற்றது. இந்தி, மராத்தி, குசராத்தி, மலையாளம் ஆகியனவும் உடன் சேர்ந்தன. அதன்பின் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நம் நாட்டிலும் தம் பழைய நூல்களை மின்னூலாக்கியோர் பலர். அச்சில் கிடைக்காத சிறுகதைத் தொகுப்புகள் மீண்டும் வாசகர் கைக்கு வந்தது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அந்நூல்களுக்கும் இதே குடியிருப்பு நிலைதான் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழருக்கு இதில் தனிப்பட்ட முன் அனுபவமும் உண்டு. கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியதை வேறோர் எழுத்துரு வைத்திருந்தவர் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் எழுத்தாளராகவும் கணினித்தமிழ் முன்னோடியாகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி போன்றோர் அக்காலத்தில் ஆற்றிய தொண்டு பெரிது. பின்னர் ஒருங்குறி பரவியது, குழப்பம் தீர்ந்தது. உண்மையிலேயே பெரிய மேம்பாடு அது, எவரும் மறுக்கமாட்டார். எனினும், பழைய குறியீட்டில் எழுதிய கோப்புகளை மாற்றி வைக்காதோரின் படைப்புகள் என்னவாயின? தொண்ணூறுகளில் கணினியில் கோத்து அச்சிட்ட நூலொன்றின் மறுபதிப்பை இன்று விரும்பும் எழுத்தாளர், தம்மிடமுள்ள வட்டைத் திறக்க வழியில்லாமல், அச்சு நூலைப் பார்த்து முதலிலிருந்து தட்டச்சு செய்கின்றார். நன்மைக்காக வந்த மாற்றத்திலும் கைவிடப்பட்டோர் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தாமே பதிப்பித்தவர்கள். ஏனெனில் அவர்களுக்காகக் கோப்பைக் காத்து வைக்கப் பதிப்பகம் என்று ஒன்று இருந்ததில்லை.

நம் வெளியீட்டு விழாக்களைப் பழித்துப் பேசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. மாலையும் பொன்னாடையும் மிகுதி, வாசிப்போர் குறைவு என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். முதற்படி பெறும் நன்கொடையாளர், வரிசையில் நின்று நூல் வாங்கும் தமிழாசிரியர், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் மாணவர் ஆகியோரின் முகங்களை நம் எழுத்தாளர் அறிவார். எந்த நிறுவனம் தளத்தை மாற்றினாலும் அந்தப் பட்டியல் அவர் கையை விட்டுப் போவதில்லை. லூலுவின் ஆசிரியரோ தம் நூலை வாங்கியவர் யார் என்பதையே அறியார். கடை மூடப்பட்டபோது, மூடப்பட்ட செய்தியை எவரிடம் சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

இணையவழிப் பதிப்பே வேண்டா என்று கூறுவது என் கருத்தன்று. ஐந்நூறு படிகளை வீட்டில் அடுக்கி வைக்க இயலாத இளைஞர் அவ்வழியே செல்லட்டும். செல்வதற்கு முன் எண்ணை மட்டும் தம் பெயரில் பெற்றுக்கொள்ளட்டும். இந்த வகையில் மலேசிய எழுத்தாளர் அமெரிக்க எழுத்தாளரைவிடப் பேறு பெற்றவர். அங்கே நூறு டாலருக்கு மேல் விற்கப்படும் எண்ணை இங்கே தேசிய நூலகம் கட்டணமின்றி வழங்குகின்றது, தனிமனிதரும் விண்ணப்பிக்கலாம். 967, 983, 629 என்பன நம் நாட்டிற்குரிய குறியீடுகள். அவ்வெண்ணைப் பெற்ற நூலை எந்தத் தளத்தில் ஏற்றினாலும், எந்த அச்சகத்தில் அச்சிட்டாலும் பதிப்பாளர் அவரே.

1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டில் பதிப்பிக்கப்படும் அச்சு நூலில் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். ஐந்து படிகள் வீணாகின்றனவே என்று மனம் சலிக்கும் எழுத்தாளரை நான் கண்டிருக்கின்றேன். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் ஆய்வுக்காகப் பழைய தமிழ் நூல்களைத் தேடும்போது, எழுதியவர் வீட்டிலும் இல்லாத நூல், அச்சகத்தாரிடமும் இல்லாத நூல், கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அந்நூலகத்தின் பட்டியலில் தமிழ்த் தலைப்போடு கிடைக்கின்றது. இவ்வாண்டு மாணவர் மலர் அச்சேறும் பள்ளிகள், வெளியீட்டு நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டால், பின்னட்டையில் அதனை அச்சிடக் காலம் இருக்கும்.